கடைசிக் கேள்விக்கான விடை



நம் வாலிபர் கூடுகையின் வினாடி வினா வழக்கமாக வேதாகமத்தைப் பற்றியதாகவே இருக்கும். இம்முறை அதை நடத்தியவள், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நம் சபையின் மகள் ஒருத்தி. அவள் தெரிந்துகொண்ட தலைப்பு, நாடக வரலாறு. பெரியவர்களின் அணியில் என்னையும் அமர்த்தினார்கள். நான் எத்தனை கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழித்தேன் என்பதை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள்.

பாடற்குழுவிலிருந்து தனியே பிரிந்து நின்று, ஒரு பாத்திரமாகவே பேசிய முதல் நடிகர் என்று கிரேக்க மரபு யாரைச் சொல்கிறது என்று கேட்டாள். தெஸ்பிஸ் என்பது விடை, எனக்குத் தெரியவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அரங்கேறிய லண்டன் குளோப் அரங்கம் 1613இல் எவ்வாறு எரிந்தது என்றாள். நாடகக் காட்சிக்காக வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் வேய்ந்திருந்த வைக்கோலில் பற்றியதால் என்று வாலிபர்கள் முந்திக்கொண்டார்கள்.

திருச்சபை வரலாறு எங்களுக்குக் கைகொடுத்தது. 1642இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூட ஆணையிட்டதையும், 1660இல் முடியாட்சி மீண்ட பின்னரே அவை முறைப்படி திறக்கப்பட்டதையும் நான் சொன்னேன். பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் எழுதப்பட்ட துறவியர் ஒழுங்குநூல் ஒன்று, ஈஸ்டர் விடியற்காலையில் ஒரு துறவி வெள்ளுடை தரித்துக் கல்லறையருகே தேவதூதனாக அமரவும், மூவர் இயேசுவைத் தேடிவந்த பெண்களாக நடந்துவரவும் கட்டளையிடுகிறது. அதையும் நினைவுகூர்ந்தேன். நாடகத்தைப் பலமுறை வெறுத்த திருச்சபையே அதைத் தன் பலிபீடத்தருகே வளர்த்தும் இருக்கிறது.

இரு அணிகளும் சமநிலையில் நின்றபோது கடைசிக் கேள்வி வந்தது. "கிரேக்கத்தில் நடிகனைக் குறித்த சொல் ஒன்று சுவிசேஷங்களில் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் அதை எவ்வாறு மொழிபெயர்க்கிறது?"

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவனுக்கு இதைவிட எளிய கேள்வி இல்லை. அந்தச் சொல் ஹுப்போக்ரிதேஸ். நம் வேதாகமத்தில் அது மாயக்காரன். அதோடு நிறுத்தாமல் ஒரு சிறு விளக்கமும் அளித்தேன். கிரேக்க நடிகர்கள் முகமூடி அணிந்து நடித்தார்கள்; ஒரே நடிகர் முகமூடியை மாற்றிக்கொண்டு ஒரே நாடகத்தில் பல பாத்திரங்களை ஏற்றார். தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் பிறர் காணும்படி செய்கிறவர்களைப் பற்றி மலைப்பிரசங்கத்தில் பேசும்போது, மத்தேயு இந்தச் சொல்லையே கையாளுகிறார். கைதட்டல் எழுந்தது. எங்கள் அணி வென்றது.

கூடுகை முடிந்து வாசலில் நின்றபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டார். "ஐயா, என் மகனுடைய வியாதிக்காக நீங்கள் தினமும் ஜெபிக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இரவில் தூங்குகிறேன்" என்றார்.

நான் புன்னகைத்தேன். "தொடர்ந்து ஜெபிக்கிறேன், அம்மா" என்றேன்.

பிரியமானவர்களே, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு ஆராதனை முடிந்ததும் அவருக்கு அந்த வாக்கைக் கொடுத்தேன். அதன்பின் ஒரு நாளாகிலும் அந்த மகனுடைய பெயரை நான் ஆண்டவரிடம் சொல்லவில்லை. மறந்துபோனேன். மறதியையாவது பலவீனம் என்று சொல்லலாம். அந்த வாசலில் என் முகத்தில் எழுந்த புன்னகையை என்னவென்று சொல்வது? சில நிமிடங்களுக்கு முன் நான் அவ்வளவு தெளிவாக விளக்கிய சொல்லே அதற்குப் பொருந்தும்.

அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன். நாடகக் கலைஞரைப் பொய்யர் என்று சொல்ல இயலாது என்பது அப்போது விளங்கியது. மேடையில் அரசனாக நிற்பவர் அரசனல்லர் என்பது அவருக்கும் தெரியும், காண்பவர்களுக்கும் தெரியும். அந்த உடன்பாட்டில் வஞ்சனை இல்லை. வின்செஸ்டரின் துறவியை எவரும் உண்மையான தூதன் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் நடித்துக் காட்டிய செய்தி உண்மையானது. மாயக்காரனின் நிலை வேறு. அவன் நடிக்கிறான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். எதிரில் நிற்பவரோ, அவனுடைய வசனத்தை நம்பித் தம் பாரத்தை அதன்மேல் இறக்கிவைத்துவிட்டு உறங்கப்போகிறார்.

மறுநாள் காலை அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்தபடியே இருந்தார். அவருக்கு வலித்தது என்பதைக் கண்டேன். பின்பு, "இப்போதாவது ஜெபிக்கலாமே, ஐயா" என்றார். இருவரும் முழங்காற்படியிட்டோம். ஆயத்தமாக வைத்திருக்கும் சொற்கள் அன்று எனக்கு வரவில்லை. அந்த மகனுடைய பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போது அந்தப் பெயர் என் மேசையின்மேல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாயாரின் சம்மதத்தோடுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களையும் ஒன்று கேட்கிறேன். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று இந்த மாதத்தில் யாரிடம் சொன்னீர்கள்? "மன்னித்துவிட்டேன்" என்று யாரிடம் சொன்னீர்கள்? அது மனப்பாடமான வசனமாகவே நின்றுவிட்டதா? அப்படியானால், அதை உண்மையாக்க இன்றைக்கும் காலம் இருக்கிறது. வாக்குக் கொடுத்த இடத்திலேயே நின்று ஜெபித்துவிடுங்கள்; நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

விடையை அறிந்திருப்பதற்கு வினாடி வினாவில் மதிப்பெண் உண்டு. அந்தரங்கத்தில் பார்க்கிற நம் பிதாவோ, அந்த விடையோடு நாம் எவ்வாறு வாழ்கிறோம் என்பதையே காண்கிறார்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.