செங்கீரை ஆடிய நாள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவன் நான். மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் கேட்டிருந்தால், வீட்டில் பெயரன் ஒருவன் உளன் என்பதற்கு மேல் விடை சொல்லியிரேன். ஆதலின், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சிக்கு வந்து குழந்தைப் பாட்டுகள் சொல்லிக் கொடுக்குமாறு என்னை அழைத்தபொழுது, புலவனுக்கு இது தகுமோ என்று உள்ளம் சற்றே தயங்கியது. எனினும் சென்றேன்.

கூடத்தில் நாற்பது பெண்கள் வரை குழுமியிருந்தனர். நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. தரையில் சுண்ணக்கட்டியால் நீள்வட்டமாக ஒரு கோடு வரையப்பட்டிருந்தது. பயிற்சியளித்த அம்மையார் ஒவ்வொருவர் கையிலும் நீர் நிறைந்த குவளை ஒன்றைக் கொடுத்து, "கோட்டை விட்டு அடி விலகாமல், நீர் சிந்தாமல் நடந்து வாருங்கள்" என்றார். என்னையும் அவர் விடவில்லை. நான்காம் அடியில் என் வேட்டி நனைந்தது. கூடம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

"தம் உடம்பால் அறியாததை ஆசிரியர் குழந்தையிடம் கேட்கலாகாது, ஐயா. அதனால்தான் முதலில் நாம் நடக்கிறோம்" என்றார் அவர்.

இக்கோட்டு நடையை வகுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டில் உரோம் நகரில், ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோப் பகுதியில், குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் அவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் காரணமாக ஊர் திரும்ப இயலாமல் 1946 வரை பெரும்பாலும் இந்நாட்டிலேயே தங்கினார். கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். நம் ஊர்க் கூடத்துத் தரையில் கிடந்த அந்தச் சுண்ணக் கோட்டுக்கு இத்துணை வரலாறு உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

பின்னர் என் முறை வந்தது. பாட்டுச் சொல்லுமுன் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் விளக்கத் தொடங்கினேன். பழக்கத்தை விட முடியுமா? செங்கீரை, சப்பாணி, வாரானை என்று நான் அடுக்கிச் செல்கையில் அம்மையார் இடைமறித்து, "செங்கீரை என்பது யாது, ஐயா?" என்றார். "ஐந்தாம் திங்களில் குழவி ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்து ஆடுதல்" என்றேன். "ஆடிக் காட்டுங்களேன்" என்றார்.

எத்தனையோ ஆண்டுகள் அப்பருவத்தைப் பாடம் சொன்னவன் நான். ஒரு நாளும் ஆடியதில்லை. முழங்கால் முணுமுணுக்க, தரையில் இறங்கி ஊன்றினேன். தோள் நடுங்கியது, மணிக்கட்டு நொந்தது.

"இப்பொழுது உங்கள் எடையைத் தாங்குவன எவை? தோளும் மணிக்கட்டும் அல்லவா? எழுத்து தொடங்குமிடம் இதுதான். குழந்தையின் உடம்பில் வலிமை தலையிலிருந்து கீழ்நோக்கியும், நடுவிலிருந்து விரல்நோக்கியும் பரவுகிறது. பெருந்தசை உறுதிப்பட்ட பின்னரே நுண்தசை பணி செய்யும். தோள் நிலைக்காத பிள்ளையின் விரலில் பலப்பத்தைத் திணித்தால் அதற்குக் கை வலிக்கும், எழுத்தின்மேல் வெறுப்பு வரும்" என்றார்.

நான் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. முழங்கால் மட்டும் அதற்குக் காரணம் அன்று. மூன்று வயது நிறைந்த விசயதசமி நாளில் என் பெயரனுக்கு நானே அகரம் தொடங்கி வைத்தேன். அதன் பின் நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அவனை மடியிருத்தி, அவன் கையை என் கைக்குள் இறுக்கி எழுதுவித்தேன். அவன் அழுதான். ஒரு நாள் பலகையை வைக்கோற்போருக்குள் ஒளித்து வைத்தான். 'புலவன் வீட்டில் இப்படியொரு பிள்ளையா!' என்று ஏசினேன். அன்று அவன் முகம் சுருங்கிய சுருக்கம் அந்தக் கூடத்தில் என் கண்முன் வந்து நின்றது.

அப்பொழுது இளம்பெண் ஒருத்தி எழுந்து, "என் மையம் ஒற்றை அறை, அம்மா. இருபது பிள்ளைகள். அவர்கள் ஆடினால், எழுதக் கற்பிக்காமல் விளையாட விடுகிறாயே என்று பெற்றோர் சண்டைக்கு வருகின்றனர்" என்றாள். அந்தப் பெற்றோருள் நானும் ஒருவன் போலத் தலை குனிந்தேன்.

அம்மையார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வகுத்த அளவைச் சொன்னார்: மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும், அதில் 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். பிறகு, ஒற்றை அறையில் இயலுவனவற்றைச் செய்து காட்டினார். கொக்குப் போல் ஒற்றைக் காலில் நிற்றல், தவளை போல் தத்துதல், சுவரைக் கையால் தள்ளுதல், புளியங்கொட்டையை இரு விரலால் எடுத்துச் சிமிழில் இடுதல், மாவு பிசைதல். "மாதம் ஒரு முறை பெற்றோரையும் அழைத்துக் கோட்டின்மேல் நடக்கவிடு. குவளையை நிரப்பிக் கொடு" என்றார். அப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை வீடு திரும்பியதும் பலகையை நானே பரண்மேல் வைத்தேன். முற்றத்தில் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்தேன். பெயரன் தூணுக்குப் பின்னிருந்து ஐயத்தோடு பார்த்தான். எழுத்துத்தான் என்று எண்ணினான் போலும். இரண்டு செம்புகளில் நீர் மொண்டு, ஒன்றை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. நான் மட்டும் நடந்தேன். மூன்றாம் அடியில் சிந்தினேன்.

"தாத்தா, கோணலாக நடக்கிறீர்கள்" என்று சொல்லிக்கொண்டே அவன் தூணை விட்டு வெளியே வந்தான்.