சொல்ல விடுங்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் நாம் வாழும் பங்கு இல்லத்தில் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினி ஒன்று உண்டு. வெள்ளிமலைப் பகுதி முதியோர் சொல்லக் கேட்டு நாம் தட்டெழுதிய நினைவுக் குறிப்புகள் அதில் மட்டுமே இருந்தன. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், சின்னம் தோன்றியதும் அது அணைந்தது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் அணைந்தது. நாமோ திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து பழுதுபார்க்கும் தம்பி வந்தார். "சாமி, இது தன் குறையைச் சொல்ல வருகிறது, சொல்லி முடிக்குமுன் அணைந்துவிடுகிறது" என்றார்.

சின்னம் தோன்றுமுன்பே அணைந்தால் பெரும்பாலும் மின்வழங்கியையோ நினைவகத்தையோ ஐயுற வேண்டும். தோன்றியபின் அணைந்தால் வன்தட்டையும் இயக்கக் கோப்புகளையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். எஃப்8 விசையை அழுத்தி, பிழை நேர்ந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் ஏற்பாட்டை நிறுத்தினார். நீலத்திரையில் பிழை எண் அசையாது நின்றது. பழுது வன்தட்டில். ஆயினும் அவர் உடனே அதைச் சீர்செய்யவில்லை. முதலில் தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்துக் குறிப்புகளைப் படியெடுத்தார். முதியோரின் சொற்கள் பிழைத்தன.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்தது. படியெடுக்காமல் இத்தனை ஆண்டுகள் வாளாவிருந்தது நம் குற்றமே. தவறு நேர்ந்ததும் "புதிதாகத் தொடங்குவோம்" என்று விரைகிறோம். தவறு தன்னைச் சொல்லி முடிக்கும்வரை நிற்பவர் நம்மில் எத்தனை பேர்?