மாயாவியின் புது இதழ்

புதிய சித்திரக்கதை இதழ் கைக்கு வந்தவுடன் அதனைப் படிக்கத் தொடங்குவோர் ஒரு சாரார். நாமோ முதலில் அதனை முகர்ந்து பார்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அச்சு மையின் வாடையும் மட்டக் காகிதத்தின் வாடையும் கலந்து வரும் அந்த மணத்திற்கு ஈடாக வேறொன்றை நாம் இன்றளவும் கண்டதில்லை.

1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரலாயிற்று. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. கதை பிறந்ததோ பிரிட்டனில். 1962ஆம் ஆண்டில் 'வேலியண்ட்' என்னும் வார இதழில். சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியரான பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளனான கிராண்டேல் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பூண்டவன். கடும் மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். தொடக்கத்தில் தீய வழியிற் சென்றவன், பின்னர் நல்லோர் பக்கம் சேர்ந்தான். நம் பாட்டிமார் கதைகளில் ஒருவன் மறைய வேண்டுமாயின் மை வேண்டும், குளிகை வேண்டும், மந்திரவாதியின் தயவும் வேண்டும். இவனுக்கோ சுவரிலுள்ள மின்சாரத் துளை போதும்! பெயர்தான் மாயாவி, மந்திரம் ஒன்றுமில்லை. மின்சாரம் பாய்ந்து எவனும் மறைந்ததில்லை என்பதை நாம் அறியாமலில்லை. அறிந்தே மகிழ்ந்தோம்.

நிற்க. அக்காலத்தில் நாம் தோட்டத்து லயத்தில் வளர்ந்து வந்த சிறுவர். நம் தந்தையாரின் வலக்கை விரல்கள் நான்கினை ரப்பர் தகடு உருட்டும் மெஷின் கொண்டுபோயிற்று. நிர்வாகத்தார் ஒரு சிறு தொகை கொடுத்தனர்; பிறகு அவரைக் காவல் வேலைக்கு மாற்றினர். அன்று முதல் அவர் தோளில் ஒரு துண்டு. அத்துண்டின் மறைவில் அந்தக் கை. உண்ணும்போதுகூட அதனை வெளியே எடுக்கமாட்டார். மாயாவிக்கு உடலெல்லாம் மறைந்து கை மட்டும் தெரிந்தது. நம் தந்தையாருக்கோ கை மட்டும் மறைந்திருந்தது.

ஒரு சம்பள நாளன்று பட்டணத்துப் புத்தகக் கடையில் மாயாவியின் புது இதழைக் கண்டோம். வாங்கிவிட்டோம், ஆனால் வீட்டிற்குக் கொண்டுவர நெஞ்சம் கூசிற்று. அட்டையிலேயே அந்தக் கை! சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, இரவு விளக்கடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு படித்தோம்.

"ஏண்டா தம்பி, என்னா அது? சத்தமாப் படி."

படித்தோம். கை போன இடத்தை மட்டும் விரைந்து கடந்தோம். அவர் விடவில்லை, படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கைய யாரு செஞ்சு குடுத்தா? செலவு யாரு பாத்தா?"

பக்கங்களைப் புரட்டினோம். எந்தக் கட்டத்திலும் அதற்கு விடையில்லை. கதாசிரியர்கள் இத்தகைய கணக்குகளை எழுதுவதில்லை போலும்.

"கரண்டு அடிச்சா ஆளு செத்துப் போவான்டா," என்றார் அடுத்து. சற்று நேரம் கழித்து, "சரி, அடுத்த பக்கத்தத் திருப்பு," என்றார்.

மாயாவி மின்கம்பியை நோக்கி விரலை நீட்டிய கட்டத்தில் லயத்து விளக்குகள் எல்லாம் அணைந்தன. வேறொன்றுமில்லை, பத்து மணிக்குத் தோட்டத்து மின்பொறியை நிறுத்துவது வழக்கம். இருவரும் சிரித்துவிட்டோம். விபத்துக்குப் பின் அவர் அவ்வாறு சிரித்து நாம் கேட்டதில்லை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வந்தார்.

சன்னலில் காற்று வீசிற்று, தாள் படபடத்தது. நாம் ஒரு கையால் விளக்கைக் காத்து, மறு கையால் வரியைச் சுட்டிக்கொண்டிருந்தோம். தந்தையார் துண்டை விலக்கி, கட்டைவிரல் மட்டும் எஞ்சிய அந்தக் கையை எடுத்து, பக்கத்தின் மேல் அழுந்த வைத்துக்கொண்டார்.

"ம், படி," என்றார்.