ஐஸ் தப்பிய சூரை

அன்புள்ள செல்விக்கு,

மேலுக்கு இப்போது எப்படி இருக்கிறது? போனில் உன் குரல் அடங்கிப்போயிருந்ததால் அதிகம் பேசவிடவில்லை. அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

முதலில் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்குச் சரியாகத் தண்ணீர் விட்டுக் கரை. பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் குடி. கஞ்சி, மோர்சோறு இறங்கினால் சாப்பிடு, வயிற்றைக் காயப்போடாதே.

"எனக்கு மீன் அலர்ஜிக்கா, இனி மீனே வேண்டாம்" என்றாயே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, அப்புறம்தானே வாந்தியும் பேதியும்? அதே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்ட மாப்பிள்ளைக்கும் அப்படியே. முட்டையோடு எழுந்துவிட்ட பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு ஒரே வேளையில் அலர்ஜி வருவது அபூர்வம். அதுவும் சூரைக் குழம்பிலேயே வளர்ந்தவள் நீ.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். பிடித்த மீன் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது உடம்பே சுரப்பதும் இந்த ஹிஸ்டமின்தான். அதனால்தான் பார்ப்பதற்கு அலர்ஜி போலவே இருக்கிறது. மீனில் ஒருமுறை அது ஊறிவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள், அந்தக் கண்ணுக்கும் இது தப்பிவிடும். சிலருக்கு வாயில் வைத்ததும் மிளகு பட்டதுபோலச் சுருக்கென்று இருக்குமாம். நம் குழம்புக் காரத்தில் அது எங்கே தெரியப்போகிறது?

இங்கே தூத்துக்குடியில் ஐஸ் பாளத்தை உடைத்து, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று பெட்டியில் போட்டு ஏற்றுகிறார்கள். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அந்தக் குளிர்ச்சி விடக்கூடாது. வண்டியிலோ கடையிலோ எங்கோ விட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இனி ஐஸில் புதைத்து வைத்திருக்கும் மீனை மட்டும் வாங்கு. வெறும் தண்ணீர் தெளித்துப் பலகையில் பரப்பியிருக்கும் சூரை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். வாங்கியதும் நேரே வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்.

ஆனால் நான் சொல்கிறேன் என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே. என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இருவருக்கும் வந்தது, எல்லாவற்றையும் சொல். மெடிக்கலில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாதே. மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. உதடு வீங்கி மூச்சு இறுகினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. பக்கத்து வீட்டைத் தட்டு.

அலர்ஜிதான் என்று டாக்டர் சோதித்துச் சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மீனைத் தொடாதே. மிச்சக் குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் சூடுபண்ணிப் பார்க்காமல் கொட்டிவிடு.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் கூப்பிடு. எந்நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா