பசலையும் பசலைக்கீரையும்

2019-ஆம் ஆண்டு ஒரு முற்பகல் வகுப்பில் திருக்குறளின் 119-ஆம் அதிகாரமாகிய பசப்புறுபருவரலை நடத்திக்கொண்டிருந்தேன். பிரிவினால் தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாடே பசலை என விளக்கியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பசலைக்கீரை உண்டால் அது நீங்குமா?" என வினவினார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அன்று மாலை வீடு திரும்பியபோது உம்மா திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நகங்கள் வெளுத்திருந்தது அன்றுதான் என் கண்ணில் பட்டது. படியேறினால் மூச்சு வாங்குவதை முதுமை என்றே எண்ணியிருந்தோம். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது.

"வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில் கீரைதானே, டாக்டர்!" என்றேன். அவர் உம்மாவை நோக்கி, "நீங்கள் எவ்வளவு சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். உம்மா பேசவில்லை.

விடை எனக்குத் தெரியும். கடைந்த கீரை முதலில் வாப்பாவுக்கு, பிறகு எங்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றில் பிசைந்து உண்டு, கையோடு ஒரு குவளை தேநீர் அருந்துவது உம்மாவின் நெடுநாள் வழக்கம்.

பின்னர் நூல்களைப் புரட்டினேன். நம் கொல்லையில் படரும் கொடிப்பசலை வேறு. கடையில் பாலக் என விற்கப்படுவது வேறு. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் பசலை என்றே எழுதிவிடுகின்றனர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் பாலக்கில் இரும்புச்சத்து ஏறத்தாழ 3 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் அதைவிட மிகுதி. ஆயினும் இறைச்சியின் இரும்பைப்போல் கீரையின் இரும்பு எளிதில் உடலில் சேர்வதில்லை. எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்குத் துணைசெய்யும். உணவோடு அருந்தும் தேநீரோ தடைசெய்யும். கீரையில் ஃபோலேட்டும் வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் நிறைந்துள்ளன என்பது உண்மையே. அவையும் சட்டியை வழித்தவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

வேறு நோயில்லை என உறுதிசெய்தபின் மருத்துவர் இரும்பு மாத்திரைகள் தந்தார். அந்நிலைக்குக் கீரை மட்டும் போதாதாம். சில திங்களில் படியேறும் மூச்சிரைப்பு தணிந்தது.

இப்போது உம்மாவுக்கு முதலில் பரிமாறுகிறோம். கீரையில் எலுமிச்சை பிழிவதை அவர் ஏற்றுக்கொண்டார். தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிவைத்ததற்குத்தான் இன்னமும் என்னைக் கடிந்துகொள்கிறார்.