குவாஹாத்தியின் குச்சியா மீன்

பிரம்மபுத்திரா நதியின் தென்கரையில் அமைந்த குவாஹாத்தி மாநகரில் உஜான் பஜார் என்றொரு பகுதி உண்டு. பொழுது புலரும் வேளையில் அங்கு ஆற்றங்கரையை ஒட்டி மீன் சந்தை கூடுகிறது. ரோகு, கட்லா முதலியவை வரிசையாகக் கிடக்க, ஒரு புறம் அகன்ற பாத்திரங்களில், சிறிதளவு நீரில், கருஞ்செம்மை நிறமுடைய நீண்ட உயிர்கள் நெளிந்துகொண்டிருக்கும். புதிதாக வந்த தமிழர் அவற்றைக் கண்டதும் ஓரடி பின்வாங்குவர். அவை பாம்பல்ல, குச்சியா என்னும் மீன்.

நாமும் பல ஆண்டுகள் அப்பாத்திரங்களைக் கடந்தே சென்றோம். அஸ்ஸாமியரிலும் இதனைத் தொடாதோர் பலர். போடோ முதலிய மக்கள் விரும்பி உண்பர். இரத்தம் ஊறும் என்று நோயுற்று எழுந்தவர்க்குச் சமைத்துக் கொடுப்பதும் உண்டு. நம் இல்லத்துச் சிறுவன் அடுத்த வீட்டு போடோத் தோழனுடன் இதனை உண்டுவிட்டு, வீட்டில் கோழிக்கறி என்று சொல்லி வந்தான். இங்கே பிறந்த பிள்ளை இவ்வூர் உணவை உண்டதில் வியப்பில்லை. அதை நம்மிடம் மறைக்க நேர்ந்ததே மனத்தை உறுத்தியது. ஒளிந்து உண்பதைவிட நம் அடுப்பிலேயே ஏறட்டும் என்று துணிந்தோம்.

பாட்டியார்தாம் இசையவில்லை. "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு இது, என் அடுப்பில் ஏறக்கூடாது" என்றார். உண்மையில் இது விலாங்கன்று. விலாங்கு முட்டையிடக் கடலுக்குச் செல்வது. குச்சியாவோ நன்னீர்ச் சேற்றிலேயே வாழ்வது. மீனியலார் வகுப்பின்படி இது நம் ஆரலுக்கே நெருங்கிய உறவு. குறுந்தொகையில் கபிலர் காட்டும் குருகு காத்து நிற்பது அந்த ஆரலுக்காகத்தான். காவிரிக் கால்வாயில் பிடித்த ஆரலைக் குழம்பு வைத்து உண்டு வளர்ந்தவர் பாட்டியார். உறவுமுறையைக் கேட்டபின் மறுப்புச் சற்றே தளர்ந்தது.

குச்சியா வெளிக்காற்றையே சுவாசிக்க வல்லது. நீர் வற்றிய மாதங்களில் சேற்று வளைகளில் உயிர் தாங்கும். சந்தையில் உயிருடன் விற்க முடிவதும் இதனால்தான். அரைக் கிலோ வாங்கி, தலையையும் குடலையும் விற்பவரிடமே நீக்கச் சொல்லிவிடலாம். வழவழப்பைப் போக்குவதுதான் பெரும்பணி. அடுத்த வீட்டுப் பைதேவ் (தமக்கையை இவ்வூரார் அழைக்கும் சொல்) வந்து, விறகுச் சாம்பலால் தேய்த்துக் காட்டினார். சாம்பல் இல்லாதார் கல் உப்பும் மஞ்சளும் கொண்டு தேய்க்கலாம். தோல் கையில் வழுக்காமல் நிற்கும்வரை மூன்று நான்கு முறை கழுவவேண்டும். இதில் சோம்பினால் எந்த மசாலாவும் சேற்று வாடையை மறைக்காது.

இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் பூசிக் கால்மணி நேரம் வைக்கவேண்டும். கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சித் துண்டுகளைச் சிவக்க வறுத்தெடுக்கவேண்டும். எண்ணெய் கடுமையாகத் தெறிக்கும். குழந்தைகளை அகற்றி வைப்பது நலம். எஞ்சிய எண்ணெயில் மூன்று வெங்காயம், அரைத்த இஞ்சி பூண்டு, சீரகத்தூள், மிளகுத்தூள் இவற்றை வதக்கி, மீனையும் ஒரு கைந்நீரையும் சேர்த்து மூடி, பன்னிரண்டு நிமிடம் வேகவிடவேண்டும். சேற்று மீனில் புழுக்கள் இருக்கக்கூடுமாதலால் உள்வரை வெந்தாக வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, மசாலா துண்டுகளில் ஒட்டிச் சுருளும்வரை கிளறவேண்டும்.

காரத்திற்கு இவ்வூர் பூத் ஜலகியா மிளகாய். 2007-ஆம் ஆண்டில் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏட்டில் ஏறியது இது. பின்னர் வேறு மிளகாய்கள் அதனை முந்திவிட்டன. ஆயினும் அரைக் கிலோவுக்குக் கால் பழம் போதும். நறுக்கிய கையால் கண்ணைத் தொடலாகாது.

இறக்குமுன் பாட்டியார், எவரும் கேளாமலே, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டார். பைதேவ் வியக்கவில்லை. நரசிங்க இலை என்று அவர்களும் அதனை மீனில் இடுவதுண்டாம். சதை உறுதியானது, நடுமுள் நீங்கிவிட்டால் உண்பது எளிது. சிறுவன் மூன்றுமுறை சோறு கேட்டான். பாட்டியார் மீனைத் தொடாமல், வாணலியில் ஒட்டியிருந்த மசாலாவில் சோற்றைப் பிசைந்து உண்டார்.