‘மயிலுக்குத் தெரியுற மாதிரி நட!’ - ஆய்க்குடி தாத்தா சொல்லிக்கொடுத்த வேட்டைப் பாடம்

மூன்று நாள்களாக அந்த இளைஞனை ஒரு பெண் மயில் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் கடைசி வாரம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதால், ஆய்க்குடி வயல்களிலும் சாரல் காற்று வீசிக்கொண்டிருந்தது. சென்னை அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வந்து இறங்கியவன், மாதத் தவணையில் வாங்கிய கேமராவையும் கையோடு கொண்டுவந்திருந்தான். ‘நம்ம வயல்ல ஒரு மயில் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுத் திரியுதுடா’ என்று அம்மா போனில் சொன்னதுதான் காரணம்.

முதல் நாள், வரப்போரமாகக் குனிந்து குனிந்து போனான். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் மயில் உடைமரப் புதருக்குள் புகுந்துவிட்டது. இரண்டாம் நாள், மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று தலையை மட்டும் நீட்டினான். அன்றும் அதே கதை. மூன்றாம் நாள், இலை தழை அச்சடித்த பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்தே போனான். மயில் கழுத்தை நிமிர்த்தி ஒரே ஒரு குரல் கொடுத்தது. குஞ்சுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. சட்டை முழுக்கச் சேறு ஆனதுதான் மிச்சம்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா சிரித்தார். “ஏல, அது உன் சட்டையைப் பாக்கலை. நீ வார விதத்தைப் பாக்குது. களவாங்க வாரவன் மாதிரில்லா வாரே!”

அவனுக்குக் கோபம் வந்தது. அவன் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. ஊருக்கு வரும் முன்பு ராத்திரி ராத்திரியாக யூடியூப் பார்த்துப் பாடம் படித்திருந்தான். மயிலைப் பற்றி அல்ல, காட்டு வான்கோழியைப் பற்றி.

அமெரிக்காவில் காட்டு வான்கோழியை வில், அம்பு கொண்டு வேட்டையாடுகிறவர்கள் உண்டு. குறிப்பிட்ட பருவத்தில், உரிமம் வாங்கிக்கொண்டு போகலாம். துப்பாக்கி வேட்டையை விட இது கடினம். துப்பாக்கியை முன்கூட்டியே குறிபார்த்து வைத்துக்கொண்டு விரலை மட்டும் அசைத்தால் போதும். வில்லுக்கு அப்படி முடியாது. பறவையை மிக அருகில் வரவிட வேண்டும். அதன்பிறகு கையைத் தூக்கி, நாணை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு அசைவில்தான் எல்லாம் கெட்டுப்போகும். வான்கோழி கழுத்தை நிமிர்த்தும், ‘புட்’ என்று வெடுக்கென ஒரு சத்தம் போடும், அடுத்த நொடி ஓட்டம் பிடிக்கும்.

காரணம் அதன் கண். தலையின் இரு பக்கத்திலும் கண் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே சுமார் 270 டிகிரி வரை அதற்குத் தெரியும். மோப்பம் மோசம். மான் வேட்டைக்குப் போகிறவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவலைப்பட வேண்டும். வான்கோழிக்குக் காத்திருப்பவருக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை, அசையாமல் இருப்பதுதான் பெரும்பாடு. அதனால் இருட்டான சின்னக் கூடாரத்துக்குள் கறுப்புச் சட்டையோடு உட்காருவார்கள். பறவை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நேரத்திலோ, ஆண் பறவை வால் சிறகை விசிறிபோல விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பும் நேரத்திலோதான் நாணை இழுப்பார்கள். விரிந்த வாலே அதன் பார்வையை மறைத்துவிடும்.

வான்கோழியும் மயிலும் ஒரே குடும்பத்துப் பறவைகள். அதற்குப் பொருந்துவது இதற்கும் பொருந்தும் என்பது அவன் கணக்கு. கணக்கு தவறில்லை. பாடத்தில் பாதியைத்தான் அவன் படித்திருந்தான்.

மீதிப் பாதி தாத்தாவிடம் இருந்தது.

தாத்தாவுக்கு 78 வயது. சின்ன வயதில் தன் அப்பாவோடு கவுதாரி பிடிக்கப் போனவர். பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டோடு கொண்டுபோய் விடியும் முன்பு புதரோரம் வைத்து, சுற்றிலும் கண்ணி நட்டுவிடுவார்கள். கூண்டுப் பறவை கூப்பிடும். ‘என் இடத்தில் எவன்டா?’ என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும், கண்ணியில் காலை விடும். இப்படி இனத்தை வைத்தே இனத்தைப் பிடிக்கப் பழக்கி வைத்த பறவைக்கும் விலங்குக்கும் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர்.

அந்த வேலையில் ஒரு மணி நேரம்கூட இமைக்காமல் உட்காருவாராம் தாத்தா. கொசு கடித்தாலும் கை அசையாது. ஊரில் அதற்காகவே அவருக்குப் பெயர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சில வருஷம் அங்கங்கே பிடித்திருக்கிறார்கள். பிறகு அவர் கூண்டை எரித்துவிட்டார். “முதல்ல பயந்துதான் விட்டேன். அப்புறம் விரும்பி விட்டேன்” என்பார்.

இப்போது அந்தக் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. டீ கிளாஸைப் பிடித்தால் பாதி கீழே சிந்துகிறது. டாக்டர் நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதையே தாத்தா நிறுத்திவிட்டார். அசையாமல் இருப்பதற்குப் பேர் வாங்கிய மனிதர், ஆட்கள் முன்னால் கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

வீட்டில் இன்னொரு பிரச்னையும் ஓடிக்கொண்டிருந்தது. கார் சாகுபடிக்காக அப்பா நாற்றங்கால் போட்டிருந்தார். முளைத்து வரும் நேரத்தில் மயில்கள் இறங்கி, முளையைக் கொத்தி, சேற்றைக் கிளறிவிட்டுப் போயின. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினார். வெள்ளைச் சட்டை மாட்டிய பொம்மை நட்டார். இரண்டு நாள் மயில்கள் தள்ளி நின்றன. மூன்றாம் நாள் பொம்மைக்குப் பக்கத்திலேயே மேய்ந்தன.

‘குருணை மருந்தை நெல்லுல கலந்து வரப்புல போடு, தன்னால நிக்கும்’ என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு சாப்பாட்டில் அப்பா அதைச் சொல்லவில்லை, ஆனால் வாசலில் ஒரு புதுப் பொட்டலம் இருந்தது.

பேரன் சட்டத்தைச் சொன்னான். மயில் 1963 முதல் தேசியப் பறவை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அப்பா நிமிர்ந்தார். “விதை வாங்குன கடன யாரு கட்டுவா? உன் சட்டமா?”

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. பால சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிற ஊர் இது. கோயிலில் மயிலைக் கும்பிட்டுவிட்டு வரும் அதே கை, வயலில் மயிலைப் பார்த்ததும் கல்லைத் தேடுகிறது. இதில் கை மட்டும் குற்றவாளி அல்ல.

தாத்தா மெதுவாகச் சொன்னார். “விஷத்துக்கு மயிலு எது, கோழி எது, நாய் எதுன்னு தெரியுமா? நாளைக் காலையில அதைப் போடாத. ஒரு நாள் பொறு.”

மறுநாள் விடியற்காலையில் தாத்தா பேரனை எழுப்பினார். பச்சைச் சட்டை வேண்டாம் என்றார். ஊர்வதும் வேண்டாம். இருவரும் பேசிக்கொண்டே வரப்பில் நடந்து, தாத்தா தினமும் உட்காரும் வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். “மயிலைப் பாக்காத. தண்ணி பாயுதான்னு பாரு. உனக்கு வேற சோலி இருக்குன்னு அது நினைக்கணும்.”

வெளிச்சம் வந்ததும் மயில்கள் இரவு தங்கிய மரத்திலிருந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் புதரிலிருந்து பெண் மயில் தலையை நீட்டியது. தாத்தாவின் வலது கை மடியில் ஆடிக்கொண்டே இருந்தது. இந்த ஆட்டத்தைப் பார்த்து மயில் ஓடிவிடும் என்று நினைத்தான் பேரன். ஓடவில்லை. அது அவர் கையைப் பார்த்தது, தலையைச் சாய்த்தது, பிறகு குஞ்சுகளோடு வெளியே வந்தது. நான்கு குஞ்சுகள்.

“தெனமும் ஆடுற கை அது. அதுக்குத் தெரியும்” என்றார் தாத்தா, உதடு மட்டும் அசைய.

பறவைக்கு அசைவு மட்டுமே பயம் அல்ல. அப்படி இருந்தால் மரம் ஆடும் காற்றில் அது மேயவே முடியாது. எப்போதும் ஆடுவதும் எப்போதும் ஆடாததும் அதற்குப் பழகிவிடுகிறது. அப்பாவின் பொம்மை தோற்றதும் அதனால்தான். அது பயப்படுவது மாற்றத்துக்கு. நடந்து வந்தவன் சட்டென நிற்பது, நிமிர்ந்து இருந்தவன் குனிவது, சும்மா கிடந்த கை திடீரென எழுவது, இரண்டு கண்ணும் தன்னையே நேராகக் குறிவைப்பது. இதெல்லாம் கொல்ல வருகிறவனின் நடத்தை. இதைப் படிக்கத் தெரியாத மயில் குஞ்சு பொரிக்கும் வயது வரை பிழைத்திருக்காது.

மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. தீனிக்கு அருகே இருக்கும் மனிதர் தங்களை நேராகப் பார்த்தபோது அவை வரத் தயங்கின. அதே மனிதர் கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பியபோது சீக்கிரம் வந்து அதிகமாகத் தின்றன. தாத்தா சொன்ன ‘மயிலைப் பாக்காத’ என்பதும் இதுதான்.

அமெரிக்க வேட்டைக்காரர் கூடாரத்துக்குள் மறைப்பது உடம்பை மட்டும் அல்ல, எண்ணத்தையும்தான். கேமராவைத் தூக்குவதும் மயிலுக்கு நாண் இழுப்பது மாதிரிதான். மயிலைப் பொறுத்தவரை, மூன்று நாளும் பேரன் அதை அம்பு இல்லாமல் வேட்டையாடிக்கொண்டுதான் இருந்தான்.

பெண் மயில் உடைமரத்துக்குப் பின்னால் போனது. அந்த நேரம் பார்த்து அவன் கேமராவை நெஞ்சு வரை கொண்டுவந்தான். அது மறுபக்கம் வெளியே வந்தபோது கேமரா ஏற்கெனவே கண்ணில் இருந்தது. ஒரே ஒரு படம். மயில் கழுத்தை நிமிர்த்தியது. அவன் விரலை எடுத்துவிட்டு, வாய்க்காலைப் பார்த்தான். அது மறுபடி குனிந்து மேய்ந்தது. இன்னொரு படம் எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா அப்பாவைக் கூப்பிட்டார். “வேட்டைக்காரன் எதை மறைக்கானோ, அதை நீ காட்டணும். தெனமும் ஆறு மணிக்கு, ஒரே வரப்புல போயி ‘ஊ’ன்னு கத்தினா அது உன்னைக் கடிகாரம்னு நினைக்கும். ஒரு நாள் அஞ்சரைக்குப் போ, ஒரு நாள் ஏழுக்குப் போ. ஒரு நாள் கிழக்கே இருந்து, ஒரு நாள் தோப்புப் பக்கம் இருந்து வா. நேராப் பாரு. சட்டுன்னு நில்லு, குனி, கையத் தூக்கு. கல்லு வேண்டாம். பொம்மையை ரெண்டு நாளைக்கு ஒருக்கா இடம் மாத்து, சட்டையையும் மாத்து. நாத்து நாலு விரக்கடை வளர வரைக்கும் செஞ்சா போதும்.”

அப்பா நம்பவில்லை. ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை.

மீதி இருந்த விடுப்பு முழுக்கப் பேரனும் அப்பாவும் முறை வைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனார்கள். நேரத்தை முதல் நாள் இரவு தாத்தா சொல்வார். முதல் நாள் அப்பா வரப்பில் சட்டென நின்று இரண்டு கையையும் தூக்கியபோது, பக்கத்து வயல்காரர் ‘என்னவே, சாமி வந்துட்டா?’ என்று கேட்டார். அப்பாவுக்கே சிரிப்பு வந்தது. மயில்கள் ஓடின. அடுத்த நாள் இன்னும் தூரத்திலிருந்தே ஓடின.

நாற்று முழுவதும் தப்பியது என்று சொல்ல முடியாது. மேற்கு மூலை போய்விட்டது, அங்கே மறுபடி விதைக்க வேண்டியிருந்தது. வயலைச் சுற்றி மயில் இருக்கும் வரை இந்த நஷ்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். காவலுக்கு ஆள் இல்லாத வீட்டில் இது இன்னும் சிரமம். ஆனால் பொட்டலம் கடைக்கே திரும்பிப் போனது.

கிளம்பும் நாள் காலையில் அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்தான் பேரன். மயில் கொஞ்சம் மங்கல். குஞ்சுகளில் இரண்டுதான் தெரிகின்றன. ஓரத்தில் தாத்தாவின் கை, ஆட்டத்தில் கலைந்துபோய் இருக்கிறது.

“இதை வெட்டி எடுத்திரலாமே” என்றார் தாத்தா.

“வேண்டாம் தாத்தா. அது இருந்ததாலதான் மயிலே வந்துச்சு.”

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் துண்டை விலக்கிவிட்டு, எல்லார் முன்னாலும் கிளாஸை எடுத்தார். கொஞ்சம் சிந்தியது.